மூட்டம் போடும் மாதத்துக்குக் கணக்கு: கரண்ட் கம்பி வராத மலைவீட்டுக்கு சோலார்

என் மாமா இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம், தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு மேலே ஏறி, தனக்குக் கிடைத்த 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டினார். கரண்ட் கம்பி கீழே ரோட்டோடு நின்றுவிட்டது. கம்பம் நட்டு மேலே இழுக்க ஆகும் செலவு அவர் கையில் இருந்ததைவிடப் பெரியது. அதனால் ஒரு ஜனவரி மாதத்தில் ஒரு சோலார் பேனல், ஒரு லொறி பெட்டரி, ஒரு இன்வேர்ட்டர் என்று கடையில் வாங்கி வந்து பூட்டினார். பெப்ரவரி முழுக்க வீடு வெளிச்சமாக இருந்தது. பிள்ளைகள் இரவு பத்து மணி வரை டீவி பார்த்தார்கள். மே கடைசியில் மழை பிடித்தது. ஜூன் இரண்டாம் கிழமை இரவு ஏழரைக்கே இன்வேர்ட்டர் கத்தத் தொடங்கியது. ஜூலையில் பெட்டரி செத்துப்போனது. மாமி பரணில் கிடந்த குப்பி லாம்பை எடுத்துத் துடைத்து வைத்தார்.

கடைக்காரர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் போட்ட கணக்கு ஜனவரி வெயிலுக்குச் சரி. மாமா வாழ்வது ஜூன் மழையிலும்தான். மலையகத்தில் சோலார் போட நினைக்கும் ஒருவர் ஒரே கேள்வியிலிருந்து தொடங்கவேண்டும் என்பதை அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்: வருடத்திலேயே மோசமான மாதத்தில் என் கூரை மேல் எவ்வளவு வெளிச்சம் விழும்? மின்சாரம் பற்றி எதுவும் தெரியாதவரும் அந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம். அதற்குத் தேவையானதை அடியிலிருந்து சொல்கிறேன்.

வாட், வாட்-மணி, யூனிட்

கொழுந்து எடுக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. ஒருவர் எவ்வளவு வேகமாகக் கொழுந்து கிள்ளுகிறார் என்பது ஒன்று. மாலையில் தராசில் எத்தனை கிலோ நிற்கிறது என்பது இன்னொன்று. கை வேகமானவர் ஒரு மணி நேரம் மட்டும் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் கிலோ குறையும். நிதானமாக எடுப்பவர் நாள் முழுக்க மலையில் நின்றால் கிலோ கூடும். மின்சாரத்தில் அந்தக் கை வேகத்துக்குப் பெயர் வாட். தராசில் நிற்கும் கிலோவுக்குப் பெயர் வாட்-மணி. 1,000 வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட். கரண்ட் பில்லில் எண்ணி வருவதும் இதே யூனிட்தான்.

ஓர் உதாரணம். 1,500 வாட் கேத்தல் ஐந்து நிமிடம் ஓடினால் 125 வாட்-மணி. மூலையில் சத்தமில்லாமல் இருக்கும் 10 வாட் ரவுட்டர் 24 மணி நேரமும் ஓடினால் 240 வாட்-மணி. பார்த்தால் பயமுறுத்துவது கேத்தல், கூடத் தின்பது ரவுட்டர். சோலார் வீட்டில் இரண்டையுமே கவனிக்கவேண்டும். எவ்வளவு வாட் ஒரே நேரத்தில் இழுக்கிறோம் என்பது இன்வேர்ட்டரின் பாடு. நாள் முழுக்க எத்தனை வாட்-மணி செலவாகிறது என்பது பேனலின் பாடும் பெட்டரியின் பாடும்.

ஊற்று, டேங்க், பீலி

அப்புறம், பாகங்கள். மலையில் ஊற்றுத் தண்ணீரை பைப் போட்டு டேங்குக்கு இறக்கி, அங்கிருந்து பீலிக்கு விடுவோம் அல்லவா, அதே ஏற்பாடுதான். பேனல் ஊற்று. பெட்டரி டேங்க். டேங்க் நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வு மாதிரி, பெட்டரி நிரம்பியதும் வரத்தைக் கட்டுப்படுத்துவது சார்ஜ் கொன்ட்ரோலர். பேனலிலிருந்தும் பெட்டரியிலிருந்தும் வருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். நம் பல்பும் டீவியும் பிரிட்ஜும் கேட்பது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், திசை மாறி மாறி ஓடும் மாறுமின்னோட்டம். ஒன்றை மற்றதாக மாற்றிக் கொடுப்பது இன்வேர்ட்டர்.

இந்த ஒப்பீட்டில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஊற்று சுரப்பது குறைந்துபோனால், எவ்வளவு பெரிய டேங்க் கட்டினாலும் அது நிரம்பாது. மழைக்காலத்தில் இருட்டில் உட்கார்ந்த பலர் இன்னொரு பெட்டரி வாங்க ஓடுகிறார்கள். மாமாவும் முதலில் அப்படித்தான் யோசித்தார். பழைய பெட்டரியே நிரம்பாத வீட்டில் புதிய பெட்டரியும் பட்டினிதான் கிடக்கும். அந்தக் காசுக்கு இன்னொரு பேனல் வாங்கினால் மூட்டத்திலும் கொஞ்சம் கூட வரும்.

இங்கேயே இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுகிறேன். டவுனில் கூரை நிறையப் பேனல் போட்டு ஊர்க் கம்பிக்கே கரண்ட் கொடுக்கிறார்களே, அது வேறு ஏற்பாடு. அவற்றில் பெரும்பாலானவற்றில் பெட்டரி இல்லை. கம்பியில் கரண்ட் நின்றால் அந்த இன்வேர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஆளுக்குக் கரண்ட் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியபோது, கூரையில் வெயில் கொட்டியும் பல வீடுகள் கரண்ட் இல்லாமல் இருந்தது இதனால்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மண்சரிந்து கம்பங்கள் விழுந்தபோதும் அதே கதை. கம்பியே இல்லாத வீட்டுக்கு பெட்டரியோடு கூடிய தனித்த ஏற்பாடு வேண்டும். நான் பேசுவது அதைப் பற்றி மட்டும்.

நம் மலையின் வெயில்

இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும். பெரும்பாலான பிழை இங்கேதான் நடக்கிறது.

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. 550 வாட் என்று பேனலின் பின்னால் எழுதியிருப்பது, பேனலுக்குள் 25 பாகை செல்சியஸ் சூடு இருக்கும்போது, சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில் அடித்தால் வரும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். கீழ்நாட்டில் உச்சி வெயிலில் பேனல் 65 பாகை வரை கொதிக்கும். 14 சதவீதம் அப்படியே போய்விடும். நுவரெலியாக் குளிரில் அதே பேனல் 40 பாகையோடு நின்றால் இழப்பு 5 சதவீதம்தான். அதனால் தெளிந்த வானம் இருக்கும் ஒரு மணி நேரத்தில், கொழும்புப் பேனலைவிட நம் பேனல் கூடக் கொடுக்கும். நம் பிரச்சினை அந்தத் தெளிந்த மணிகள் எத்தனை என்பதுதான்.

வெயிலை அளக்க ஓர் எளிய அளவு உண்டு: உச்ச வெயில் மணி. காலையில் மெல்ல ஏறி, நண்பகலில் உச்சிக்குப் போய், மாலையில் இறங்கும் வெயிலை எல்லாம் ஒன்றாகக் குவித்து, முழு வெயில் எத்தனை மணி நேரம் அடித்ததற்குச் சமம் என்று சொல்வது. தாழ்நிலங்களில் இது நாளுக்கு 4.5 முதல் 6 வரை. உயர்ந்த மலைப் பகுதிகளில், நாளின் பெரும்பகுதி முகில் மூடியிருப்பதால், 2 முதல் 3.5 வரைதான். கடையில் போடும் கணக்கு பெரும்பாலும் 5 மணியை வைத்துத்தான். அந்த 5, நம் பல ஊர்களில் நல்ல மாதத்தின் நல்ல நாளுக்கு மட்டும் பொருந்தும்.

மோசமான மாதம் எது என்பது, நீங்கள் மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதுகிறது. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் அப்போது மழைக்குள் இருக்கும். அதே ஜூலையில் கிழக்குச் சரிவில், பதுளைப் பக்கம் வானம் தெளிந்து காற்று மட்டும் வீசும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வரும்போது நிலைமை தலைகீழ். கிழக்குச் சரிவின் பசறை, லுணுகலை, மடுல்சீமை மூட்டத்தில் கிடக்க, மஸ்கெலியாவில் வெயில் அடிக்கும். ஆகவே ஹட்டன் வீட்டுக்கு ஜூன், ஜூலையை வைத்தும், பசறை வீட்டுக்கு டிசம்பர், ஜனவரியை வைத்தும் கணக்குப் போடுங்கள். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே ஒரு கணவாய் தாண்டினால் வானம் வேறு. பக்கத்து ஊரில் சோலார் வைத்திருப்பவரிடம் கேட்பதற்கு முன், அவர் வீடு நம் பக்கத்துச் சரிவிலா என்று பாருங்கள்.

அதற்கும் மேலே உங்கள் வீட்டு வாசலின் சொந்த வானம் ஒன்று இருக்கிறது. கிழக்கே மலை எழும்பியிருந்தால் எட்டரைக்குத்தான் வெயில் முற்றத்தில் விழும். மேற்கே மலை இருந்தால் மூன்றரைக்கே போய்விடும். வருடத்தில் பல மாதங்கள் காலை தெளிவாக இருந்து, மதியம் இரண்டு மணிக்கு மேல் மூட்டம் இறங்குவது நம் பக்கத்து வழக்கம். ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: கூரையில் வெயில் எப்போது பட்டது, எப்போது மறைந்தது. எந்தக் கருவியும் தராத தகவல் அது.

பேனலை எந்தப் பக்கம் சாய்ப்பது? வடக்கு அரைக்கோளத்தில் தெற்குப் பார்த்து வைக்கவேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். ஜூனிலும் ஜூலையிலும் அது வடக்குப் பக்கம் போய்விடும். ஹட்டன் பக்கத்துக்கு மோசமான மாதங்களே அவைதான். அந்த மாதங்களுக்காகத் தெற்கே 25 பாகை, 30 பாகை என்று தூக்கி வைப்பது நஷ்டம். 10 பாகை அளவுச் சாய்வு போதும், மழைத் தண்ணீர் தூசியைக் கழுவிக்கொண்டு ஓடுவதற்கு அது வேண்டும். மதியத்துக்குப் பின் மூட்டம் இறங்கும் ஊரானால், அந்தச் சின்னச் சாய்வைக் கிழக்குப் பார்த்து வையுங்கள். காலை வெயிலை முழுதாகப் பிடிக்கலாம்.

நிழல் விஷயத்தில் இரக்கமே காட்டாதீர்கள். பேனலுக்குள் சிறு சிறு கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒரு கலத்தின் மேல் டர்பன்டைன் மரத்து நிழலோ காய்ந்த இலையோ விழுந்தால், அதோடு கோத்த வரிசை முழுவதும் தளர்ந்துவிடும். கொழுந்து மலையில் நிழல் மரம் நல்லது. பேனலுக்கு ஒரு கிளைகூட ஆகாது.

மாமா வீட்டுக் கணக்கு

சரி, இப்போது கணக்குக்கு வரலாம். மாமா வீட்டில் 9 வாட் எல்.ஈ.டி பல்ப் ஆறு, நாளுக்கு 5 மணி நேரம்: 270 வாட்-மணி. 50 வாட் டீவி 4 மணி நேரம்: 200. போன் சார்ஜ் மூன்று: 45. ரவுட்டர் நாள் முழுக்க: 240. மகளின் படிப்புக்கு 50 வாட் லெப்டொப் 3 மணி நேரம்: 150. தேங்காயும் மிளகாயும் அரைக்க 500 வாட் கிரைண்டர் 6 நிமிடம்: 50. இதுவரை 955. ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. மாமி கடைசியாக ஒரு சின்ன பிரிட்ஜ் கேட்டார். அது நாளுக்கு ஏறக்குறைய 800 என்று வைத்துக்கொண்டோம். 1,755.

இங்கே பலர் நிறுத்திவிடுவார்கள். இன்வேர்ட்டர் தனக்கும் சாப்பாடு கேட்கும். எதுவும் ஓடாமல் சும்மா விழித்திருக்கவே ஒரு சிறிய நல்ல இன்வேர்ட்டருக்கு 15 வாட் வேண்டும் என்றால், நாளுக்கு 360 வாட்-மணி. 3,000 வாட் பெரிய இன்வேர்ட்டர் 40 வாட் தின்னும் என்றால் 960. இந்த வீட்டின் பல்பும் டீவியும் ரவுட்டரும் மற்றதும் சேர்ந்த அளவு அது. “பெரிசா வாங்கி வச்சா பின்னால உதவும்” என்று யாராவது சொன்னால், சும்மா இருக்கும்போது எத்தனை வாட் எடுக்கும் என்று கேளுங்கள். மாமா வீட்டுக்கு 1,000 வாட் இன்வேர்ட்டர் எடுத்தோம். 1,755உம் 360உம் சேர்ந்து 2,115.

கம்பியில், கொன்ட்ரோலரில், பெட்டரியில், பேனல் மேல் படியும் தூசியில் என்று வழியெல்லாம் கொஞ்சம் சிந்தும். ஐந்தில் ஒரு பங்கு சிந்துகிறது என்று வைத்தால், பேனல் கொடுக்கவேண்டியது 2,115ஐ 0.8ஆல் வகுத்து, ஏறக்குறைய 2,640 வாட்-மணி.

இனி அதை உச்ச வெயில் மணியால் வகுக்கவேண்டும். 5 மணி என்று போட்டால் 528 வாட். ஒரு 550 வாட் பேனல் போதும் என்று வரும். மாமா முதல் தடவை வாங்கியதும் ஒரு பேனல்தான். மோசமான மாதத்துக்கு 2.5 மணி என்று போட்டால் 1,056 வாட். இரண்டு பேனல். அதே வீடு, அதே பல்ப், அதே டீவி. வானத்தைப் பற்றிய ஒரு எண் மாறியதும் பேனல் இரட்டிப்பாகிவிட்டது. பெப்ரவரியில் இந்த இரண்டாவது பேனலுக்கு வேலையே இருக்காதுதான். அந்த மாதங்களில் மிஞ்சுவதில் பகலில் சின்ன ரைஸ் குக்கரில் சோறு வைக்கலாம்.

அடர்ந்த மூட்டம் நாள் முழுக்க நின்றால் 2.5 மணியும் கிடைக்காது. பேனல் தன் பெயருக்கு எழுதிய வாட்டில் பத்தில் ஒன்றோ இரண்டோதான் கொடுக்கும். அந்த நாட்களைப் பேனலால் தாண்ட முயன்றால் கூரை போதாது. அதற்குத்தான் பெட்டரி.

பெட்டரி

மேலே சொன்ன வீட்டுக்கு இரண்டு நாள் தாங்கவேண்டும் என்று முடிவு செய்தோம்: 4.2 யூனிட்.

லொறி பெட்டரியை இதற்கு வாங்கவே வாங்காதீர்கள். அது என்ஜினைக் கிளப்ப ஒரு நொடியில் பெரிய உதை கொடுக்கச் செய்தது. உள்ளே தகடுகள் மெல்லியவை. தினமும் இரவு முழுக்கக் கறந்தால் மாதக்கணக்கில் போய்விடும். ஆழமாகக் கறப்பதற்கென்றே செய்த ஈயப் பெட்டரிகள் இருக்கின்றன. அவற்றிலும் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வரும். 12 வோல்ட், 200 அம்பியர்-மணி பெட்டரி ஒன்றில் 2.4 யூனிட் என்றால், நாம் எடுக்கக்கூடியது 1.2தான். நாலு பெட்டரி வேண்டும். ஒன்று 60 கிலோவுக்கு வரும். ரோட்டிலிருந்து மாமா வீட்டுக்கு ஏறும் படிகளில் அவற்றைத் தூக்கிக்கொண்டு போவதை யோசித்துப் பாருங்கள். குளிரில் ஈயப் பெட்டரி கொள்ளும் அளவும் சுருங்கும். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளியே வரும், அது தீப்பற்றும். விறகடுப்பு எரியும் குசினிக்குள் அதை வைப்பது ஆபத்து. காற்றோட்டமான தனி மூலை வேண்டும்.

லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரி விலை கூட. ஆனால் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தாராளமாக எடுக்கலாம். ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினாலும் தாங்கும், ஈயப் பெட்டரி சில நூறு தடவைகளிலேயே தளரத் தொடங்கும். 25.6 வோல்ட், 200 அம்பியர்-மணி என்றால் 5.12 யூனிட். 80 சதவீதம் 4.1. மாமா வீட்டுக் கணக்குக்குக் கிட்டத்தட்டச் சரி. எடை 50 கிலோவுக்குள்ளே. இதற்கு ஒரே ஒரு குளிர்ப் பயம்: பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் கொழுந்து கருகும் அளவுக்கு வெளியே உறைபனி விழும் இரவுகள் உண்டு. வீட்டுக்குள் அந்த அளவுக்கு இறங்காது. அதனால் பெட்டரியை வீட்டுக்குள் வைத்தால் போதும், வெளித் தாழ்வாரத்தில் விடாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், காசு ஒரேயடியாக இல்லாதவர்கள் முதலில் பிரிட்ஜை விட்டுவிட்டு, பாதி அளவு லித்தியம் பெட்டரியோடு தொடங்கலாம். விலை குறைவு என்று ஈயம் வாங்கி, மூன்று வருடத்தில் மறுபடி வாங்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் அதுதான் கூடச் செலவு.

கொன்ட்ரோலர், கம்பி, இடி

கொன்ட்ரோலரில் இரண்டு வகை. பி.டபிள்யூ.எம் விலை குறைவு. இப்போது வரும் பெரிய பேனல்கள் 41 வோல்ட் அளவில் வேலை செய்பவை. 12 வோல்ட் பெட்டரிக்கு பி.டபிள்யூ.எம் வழியாகப் பூட்டினால், அது பேனலைப் பெட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துவிடும். 550 வாட் பேனலில் 180 வாட்தான் மிஞ்சும். எம்.பி.பி.டி வகை கூடுதல் வோல்ட்டை அம்பியராக மாற்றி உள்ளே அனுப்பும். மூட்டத்தில் ஒவ்வொரு வாட்டும் முக்கியமான ஊரில் வேறு யோசனையே வேண்டாம்.

குளிர் ஊருக்கே உரிய ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. எதுவும் இழுக்காதபோது பேனல் காட்டும் வோல்ட், குளிரில் ஏறும். 25 பாகையில் 49.5 வோல்ட் காட்டும் இரண்டு பேனலைத் தொடராகக் கோத்தால் 99. 100 வோல்ட் வரை தாங்கும் கொன்ட்ரோலருக்குள் அடங்கிவிட்டது என்று தோன்றும். 5 பாகைக் குளிரில் விடியும் தெளிந்த காலையில் அதே இரண்டும் 104 வோல்ட் காட்டும். கொன்ட்ரோலர் எரிந்துபோகும். கீழ்நாட்டில் பத்து வருடம் ஓடும் அதே செட் இங்கே ஒரு ஜனவரி விடியலில் போய்விடலாம். ஆகவே பேனல்களைப் பக்க இணைப்பில் (நேர் முனைகள் ஒன்றாக, எதிர் முனைகள் ஒன்றாக) பூட்டுங்கள், அல்லது 150 வோல்ட் தாங்கும் கொன்ட்ரோலர் கேளுங்கள்.

12 வோல்ட்டைவிட 24 வோல்ட் ஏற்பாடு நல்லது. ஒரே வாட்டுக்கு ஓடும் அம்பியர் பாதியாகும், கம்பியில் சூடாகி வீணாவது நாலில் ஒரு பங்காகும். பெட்டரியின் நேர் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடவேண்டும். பேனல் பக்கத்துக்கு நேர்மின்னோட்டத்துக்கென்று செய்த பிரேக்கர்தான் வேண்டும். வீட்டில் பூட்டும் சாதாரண பிரேக்கர் நேர்மின்னோட்டத்தின் தீப்பொறியை அணைக்கச் செய்ததல்ல.

இடி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்குப் பின் இடிக்கும் இடியை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேனல் சட்டத்தையும் தாங்கும் இரும்பையும் தடித்த செப்புக் கம்பியால் நிலத்தில் புதைத்த தண்டோடு இணையுங்கள். பேனல் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் பூட்டுங்கள். பாறை நிலத்தில் ஒரு தண்டு போதாமல் போகலாம். இந்த வேலையைத் தெரிந்த எலெக்ட்ரீசியனிடமே விடுங்கள். 230 வோல்ட் எங்கிருந்து வந்தாலும் 230 வோல்ட்தான்.

கூரையையும் பார்த்துவிடுங்கள். 550 வாட் பேனல் ஒன்று 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், ஏறக்குறைய 28 கிலோ. எடையைவிடப் பெரிய கவலை, ஜூலைக் காற்று அதைக் கீழிருந்து தூக்குவது. பழைய லயத்துத் தகரத்திலும் உளுத்த சட்டத்திலும் பூட்டினால் பேனலோடு தகரமும் போகும். நிலத்தில் இரும்பு நட்டு வைப்பது இன்னொரு வழி. அதற்காக மேட்டை வெட்டிச் சமப்படுத்தாதீர்கள். வெட்டிய சரிவு அடுத்த மழையில் வீட்டின் மேல் இறங்கலாம்.

வெந்நீர்

குளிர் ஊரில் வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாது. ஆனால் இந்த அளவு சோலார் செட்டில் அதைக் கரண்டால் சுடவைக்க நினைக்காதீர்கள். 15 பாகையில் வரும் 20 லீற்றர் தண்ணீரை 40 பாகைக்கு ஏற்ற ஏறக்குறைய 0.6 யூனிட் வேண்டும். நாலு பேர் குளித்தால் 2.3 யூனிட். வீட்டின் ஒரு நாள் செலவு முழுவதையும்விடக் கூட. சூடாக்கும் வேலையை விறகடுப்புக்கோ காஸுக்கோ விடுங்கள். கூரையில் வைத்து வெயிலால் நேரே தண்ணீர் சுடவைக்கும் கருவியும் உண்டு, வெயில் மாதங்களுக்கு அது நல்லது.

பக்கத்தில் ஓடை இருந்தால்

1950இல் லக்சபானா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் லயங்களில் குப்பி லாம்புதான் எரிந்தது. நம் மலைத் தண்ணீரில் எவ்வளவு கரண்ட் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் அது எனக்கு வலிக்கும். அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டுப் பக்கமும் ஓடினால் சோலாருக்கு அருமையான துணை. ஏனென்றால் வெயில் மறையும் மாதத்தில்தான் ஓடை பெருகும். நொடிக்கு 10 லீற்றர் தண்ணீரை 20 மீட்டர் உயரத்திலிருந்து பைப்பில் இறக்கினால், இழப்பெல்லாம் போக ஏறக்குறைய 1,000 வாட் எடுக்கலாம். அது இரவிலும் ஓடும். மாமா வீட்டைப் போல பத்து வீட்டுக்குப் போதும். ஓடையும் காணியும் யாருடையது, கீழே அதே தண்ணீரைக் குடிப்பவர்கள் யார் என்பதை முதலில் பேசித் தீர்க்கவேண்டும். நாலைந்து வீடு சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

பூட்டிய பிறகு

பராமரிப்பு அதிகமில்லை. ஈரம் விடாத ஊர்களில் பேனலின் கீழ் விளிம்பில் பாசி பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, வெயில் ஏறும் முன் காலையில், பச்சைத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். சுரண்டக் கூடாது. மழைக்காலத்துக்கு முன் போல்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். ஓடும் பேனலின் கம்பி முனைகளை வெயிலில் கழற்றாதீர்கள்.

மாமா வீட்டில் இப்போது இரண்டு பேனல், ஒரு லித்தியம் பெட்டரி. கொன்ட்ரோலருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் கொப்பி தொங்குகிறது. காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணி வைக்கும் முன், மாமி பெட்டரி எத்தனை சதவீதம் என்று பார்த்து எழுதுவார். 60க்கு மேலே இருந்தால் எல்லாம் வழக்கம்போல. 40க்குக் கீழே இறங்கி வெளியே மூட்டமும் நின்றால் அன்று பிரிட்ஜ் நிறுத்தம், ரவுட்டர் மகள் படிக்கும் நேரத்துக்கு மட்டும். போன ஜூலையில் அப்படி ஒன்பது நாள் வந்தது. ஒன்பது நாளும் இரவில் எல்லா பல்பும் எரிந்தன.